ஒரே ஒரு பீஸ் செய்ய எவ்வளவு ஆகும்? கொட்டேஷன் கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயி என்று வைத்துக்கொள்வோம். பறித்த இலை முழுவதையும் பேக்டரிக்குப் போடாமல், கொஞ்சத்தைத் தானே உருட்டிக் காயவைத்து விற்றுப் பார்க்கலாம் என்று நினைக்கிறார். அதற்காகச் சின்னதாக ஒரு ரோலிங் மிஷின் கட்டுகிறார். ஸ்டாண்டை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அடித்தாயிற்று. மோட்டார், கியர்பாக்ஸ் வாங்கியாயிற்று. கிராங்க் தண்டைத் தாங்குகிற பேரிங் ஹவுசிங் (பேரிங் உட்காருகிற கூடு) மட்டும் பாக்கி. ஒரு நோட்டுத் தாளில் படம் வரைந்து, போட்டோ எடுத்து, கோயம்புத்தூரில் நாலு பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்: ‘இது ஒண்ணு செய்ய எவ்வளவு ஆகும்?’

ஒருவர் 1,800 ரூபாய் என்கிறார். இன்னொருவர் 6,500. மூன்றாமவர் பதிலே போடவில்லை. நான்காமவர், ‘டிராயிங் அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்’ என்கிறார்.

முதல் ஆள் நியாயமானவர், இரண்டாவது ஆள் கொள்ளையடிக்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். இருவரும் வேறு வேறு பொருளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். முதலாமவர் அலுமினியம், சாதா லேத், தோராய அளவு என்று எடுத்துக்கொண்டார். இரண்டாமவர் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு), சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மிஷின்), பேரிங் சரியாக உட்கார வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். தாளில் இல்லாததை ஆளுக்கொரு விதமாக நிரப்பிக்கொண்டார்கள். தெரியாத இடத்தில் பட்டறைக்காரர் இரண்டில் ஒன்றுதான் செய்வார்: மேலே கொஞ்சம் ஏற்றிப் போடுவார், இல்லையென்றால் குறைத்துச் சொல்லிவிட்டு நடுவில் ‘இது அப்ப பேசலையே’ என்பார். இரண்டும் கேட்கிறவருக்கு நஷ்டம். எனவே கொட்டேஷன் வேலையில் பாதிக்குமேல் நம் பக்கத்து வேலை. நாம் எதைத் தெளிவாகச் சொல்கிறோமோ, அதற்குத்தான் ஒழுங்கான விலை வரும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. இதைச் செய்யத்தான் வேண்டுமா? பேரிங்கோடு சேர்ந்து வருகிற ரெடிமேட் பிளாக்குகள், யு.சி.பி., யு.சி.எஃப். என்று ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கும். 20 மி.மீ. தண்டுக்கு யு.சி.எஃப். 204. அது பொருந்தினால் வாங்கி மாட்டிவிடுங்கள். ஒற்றைப் பீஸாகக் கடைந்து வாங்கும் எதுவும் அந்த விலைக்கு வராது. நம் விவசாயிக்கு அது ஒத்துவராததற்குக் காரணம், கிராங்க் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தண்டு ஆடாமல் இருக்க இரண்டு பேரிங் ஒரே உடம்பில், ஒரே நேர்கோட்டில் வேண்டும். இந்த மாதிரி உண்மையான காரணம் இருந்தால்தான் பட்டறைக்குப் போக வேண்டும்.

தொகை எங்கிருந்து வருகிறது

அவருடைய ஹவுசிங்கை இப்படி வைத்துக்கொள்வோம். 85 மி.மீ. விட்டத்தில், 10 தடிமனில் ஒரு ஃபிளாஞ்ச், அதாவது ஸ்டாண்டில் போல்ட் போட்டு ஒட்டுகிற வட்டத் தட்டு. அதற்குப் பின்னால் 62 விட்டத்தில் உடம்பு. மொத்த நீளம் 45. நடுவில் 6204 பேரிங் இரண்டு. ஃபிளாஞ்சில் எம்6 (6 மி.மீ.) போல்ட் போக நாலு ஓட்டை. 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14. எந்தக் கம்பெனி பேரிங் வாங்கினாலும் இந்த அளவுகள் மாறாது.

முதலில் சரக்கு. 85 விட்டம் வர வேண்டுமென்றால் 90 மி.மீ. ரவுண்டு (உருண்டைக் கம்பி) எடுப்பார்கள். நீளத்தில் பிடிப்பதற்கும் முகம் சீவுவதற்கும் சேர்த்து 50 வெட்டுவார்கள். இரும்பு ரவுண்டின் எடைக்குப் பட்டறையில் ஒரு வாய்க்கணக்கு உண்டு: மி.மீ-இல் உள்ள விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 90-க்கு 50 கிலோ. அப்படியென்றால் 50 மி.மீ. துண்டு இரண்டரைக் கிலோ. அலுமினியத்தில் அதே துண்டு சுமார் 860 கிராம். கடைந்து முடித்த பீஸ் அலுமினியத்தில் 230 கிராம்தான் இருக்கும். மீதி முக்கால் பங்கு சுருளாகத் தரையில் கிடக்கும். காசு 860 கிராமுக்கும்தான். ஃபிளாஞ்ச் விட்டத்தைப் பெரிதாக்கும்போது இதை நினைவில் வையுங்கள்: ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தாலும் அந்த ஓரத்துக்கு ஏற்ற ரவுண்டைத்தான் வாங்கியாக வேண்டும்.

இருந்தாலும் ஒற்றைப் பீஸில் சரக்கின் விலை பெரும்பாலும் சின்னத் தொகைதான். பெரியது செட்டிங். டிராயிங்கைப் படித்துப் புரிந்துகொள்வது, சி.என்.சி. என்றால் புரோகிராம் எழுதுவது, பீஸைப் பிடிக்கிற ‘சக்’கை மாற்றுவது, டூல் எடுத்து மாட்டுவது, பூஜ்யம் பார்ப்பது, முதல் வெட்டு போட்டு அளந்து திருத்துவது. கல்யாணச் சமையல்காரர் இருபது பேருக்குச் சமைத்தாலும் நூறு பேருக்குச் சமைத்தாலும் அடுப்பும் அண்டாவும் ஆளும் கொண்டுவந்தே ஆக வேண்டும் அல்லவா, அதே கதைதான். பேச்சுக்குச் செட்டிங் 3,000, ஒரு பீஸுக்கு ஓடுகூலி 700 என்று வையுங்கள். ஒன்று செய்தால் 3,700. ஐந்து செய்தால் 6,500, பீஸுக்கு 1,300. இருபது செய்தால் 17,000, பீஸுக்கு 850. இந்த எண்கள் கணக்குக்காகப் போட்டவை. ஆனால் விலை இறங்குகிற விதம் எந்தப் பட்டறையிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

அதனால் எப்போதும் இரண்டு மூன்று எண்ணிக்கைக்கு விலை கேளுங்கள்: ‘ஒன்றுக்கு எவ்வளவு, மூன்றுக்கு எவ்வளவு, பத்துக்கு எவ்வளவு.’ ஒன்றுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் சின்னதாக இருந்தால் மூன்றாகவே செய்துகொள்ளுங்கள். மாடல் பீஸை வெட்டிப் பார்க்க, உடைத்துப் பார்க்க, தவறான இடத்தில் ஓட்டை போட்டுப் பார்க்க இன்னொன்று கையில் இருப்பது நல்லது. ஆனால் ‘ஆயிரம் பீஸ் ஆர்டர் வரப்போகுது, இப்ப விலை குறைச்சுக் குடுங்க’ என்கிற பேச்சு வேண்டாம். எல்லாரும் அவர்களிடம் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

எத்தனை தடவை பிடிக்க வேண்டும்

புதிதாக வரைகிறவர்கள் ஒரு பாகத்தைப் பார்க்கும்போது அதன் வடிவத்தைப் பார்ப்பார்கள். லேத்துக்காரர் அதை எத்தனை தடவை கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும் என்று பார்ப்பார். செட்டிங் செலவு ஒவ்வொரு பிடிக்கும் மறுபடி ஏறும்.

நம் ஹவுசிங்கிலேயே பாருங்கள். இரண்டு பேரிங்குக்கு இரண்டு முனையிலும் 14 ஆழத்தில் தனித்தனிக் குழி, நடுவில் ஒரு தடுப்பு என்று வரையத்தான் முதலில் தோன்றும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு பக்கக் குழியைக் கடைந்துவிட்டுப் பீஸைத் திருப்பி மாட்டி மறுபக்கக் குழியைக் கடைய வேண்டும். இரண்டு குழிகளும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். திருப்பிப் பிடிக்கும்போது ஒரு மயிரிழை நகர்ந்தாலும் தண்டு இறுகும், பேரிங் சூடாகும். அதைத் தவிர்க்க டயல் (நுண்ணிய நகர்வைக் காட்டும் மானி) வைத்து மையம் பார்ப்பார், மெதுவாக வேலை செய்வார், ஒரு பீஸ் வீணாகிவிடுமோ என்ற பயத்துக்கும் கொஞ்சம் சேர்த்துப் போடுவார்.

மாற்றாக, பேரிங் உட்காருகிற 47 மி.மீ. துளையை, அதாவது போரை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஒரே விட்டத்தில் விட்டுவிடலாம். நடுவில் ஒரு குட்டி ஸ்பேசர் வளையம், இரண்டு ஓரத்திலும் சர்க்ளிப் (பேரிங் நழுவாமல் தடுக்கும் வளையம்) பள்ளம். போரும் பள்ளங்களும் ஒரே பிடியில் முடிந்துவிடும். மையம் தானாகவே ஒத்துப்போகும். வேலை சுலபம், பீஸும் முன்னதைவிட நன்றாக வரும். இந்த ஒரு மாற்றத்தில் மிச்சமாகிற தொகை பேரம் பேசிக் குறைக்கிற தொகையைவிடப் பெரிதாக இருக்கும். ‘இதை வேற மாதிரி வரைஞ்சா உங்களுக்குச் சுலபமாகுங்களா?’ என்று பட்டறையில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நல்ல டர்னர் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருப்பார்.

மில்லிங் (சுற்றுகிற கட்டரால் குடைகிற) வேலையில் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. பெட்டி மாதிரிக் குடைகிற பள்ளத்தின் உள்மூலையைக் கூர்மையாக வரைந்துவிடுவோம். சுற்றுகிற கட்டர் உருண்டை. அதனால் உள்மூலையில் எப்போதும் ஒரு வளைவு நிற்கும். கூர்மூலைதான் வேண்டும் என்றால் மின்பொறியால் அரிக்கிற ஒயர்கட்டுக்கோ ஸ்பார்க் மிஷினுக்கோ போக வேண்டும், செலவு தனி. பள்ளம் ஆழமாக இருந்தால் மூலை வளைவையும் தாராளமாக விடுங்கள். ஒல்லியான நீளக் கட்டர் அதிரும், மெல்லத்தான் ஓட்ட முடியும். மரையும் அப்படித்தான்: எம்6-க்கு 10, 12 மி.மீ. ஆழம் மரை இருந்தால் போதும். 30 ஆழம் கேட்டால் பலம் கூடாது, டேப் (மரை போடும் கருவி) உடையும் அபாயம்தான் கூடும்.

எந்த அளவுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்

விலையை அதிகம் ஏற்றுகிற விஷயம் டாலரன்ஸ். எந்தப் பீஸையும் எழுதிய அளவுக்கு அப்படியே கடைய முடியாது. எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதுதான் கேள்வி. டிராயிங்கில் தனியாக எதுவும் சொல்லாத அளவுகளுக்குப் பொது விதி ஒன்றைக் குறித்துவிடலாம். ஐ.எஸ்.ஓ. 2768 மீடியம் என்று எழுதினால், 6 முதல் 30 மி.மீ. வரையுள்ள அளவுகளுக்கு ±0.2, 30 முதல் 120 வரை ±0.3. இந்திய தரத்தில் இதே வேலையைச் செய்வது ஐ.எஸ். 2102. சாதா லேத்தில் வெர்னியர் வைத்து அளந்தே இதை எட்டிவிடலாம்.

பேரிங் உட்காருகிற போருக்கு அது போதாது. அங்கே ஹெச்7 என்று எழுதுவார்கள். 47 ஹெச்7 என்றால் 47.000-க்குக் குறையக் கூடாது, 47.025-க்கு மேல் போகக் கூடாது. மொத்த இடம் 25 மைக்ரான் (மி.மீ-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). இதற்குப் போர் கேஜ் (துளையின் விட்டம் அளக்கும் கருவி) வேண்டும், கடைசி வெட்டை நிதானமாக எடுக்க வேண்டும். நியாயமான செலவு, தாராளமாகக் கொடுக்கலாம். தப்பு எங்கே நடக்கிறது என்றால், அதே இறுக்கத்தை எல்லா அளவுக்கும் போட்டுவிடுவதில். கம்ப்யூட்டரில் வரைந்தவர் கவனிக்காமல் விட்டால் எல்லா எண்ணும் 85.000, 62.000 என்று மூன்று தசமத்தோடு அச்சாகும். தலைப்புக் கட்டத்தில் ஏதோ பழைய டெம்ப்ளேட்டிலிருந்து ±0.02 என்று வந்து உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர் அதை நிஜமாகவே எடுத்துக்கொள்வார்.

அதற்கப்புறம் போன் வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

‘ஏனுங்க, இந்த நாப்பத்தேழு போர்ல பேரிங் உக்காருதுங்களா?’

‘ஆமாங்க, 6204 ரெண்டு.’

‘கையில தள்ளுனா போகணுமா, பிரஸ் பண்ணி ஏத்தணுமா?’

‘கையில தள்ளுனா போற மாதிரி இருந்தா போதுங்க. வெளி ரிங் சுத்தாது, தண்டுதான் சுத்தும்.’

‘அப்ப ஹெச் ஏழு சரிங்க. இந்த அறுபத்திரண்டு வெளிவிட்டம் எதுக்குள்ளயாவது போய் உக்காருதா?’

‘இல்லைங்க, சும்மா வெளியிலதான் நிக்குது.’

‘அப்புறம் எதுக்குங்க அதுக்கும் பாயிண்ட் ஜீரோ டூ போட்டிருக்கீங்க? அதை எடுத்துட்டா சாதா லேத்துலயே முடிச்சுக் குடுத்துர்றோம்.’

இந்த ஒரு நிமிடப் பேச்சில் விலை நன்றாகவே இறங்கும். போன் செய்யாத பட்டறை பேசாமல் பெரிய தொகையை எழுதி அனுப்பிவிடும். எனவே டிராயிங்கிலேயே, எந்த முகம் எதோடு சேர்கிறது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். ‘இந்த போரில் பேரிங். ஃபிளாஞ்சின் இந்த முகம் ஸ்டாண்டில் ஒட்டி நிற்கும். மற்றதெல்லாம் வெளியில்.’ இதைவிட உபயோகமான குறிப்பு கிடையாது.

மேற்பரப்பு மழமழப்பும் அப்படியே. சொரசொரப்பை ஆர்ஏ என்ற எண்ணால் சொல்வார்கள், எண் குறையக் குறைய மழமழப்பு கூடும். ஆர்ஏ 3.2 சாதாரணக் கடைசலில் வந்துவிடும். பேரிங் போருக்கு 1.6 கேட்கலாம். 0.4 என்று எழுதினால் கிரைண்டிங்குக்குப் போகும். கண்ணுக்குத் தெரிகிற இடம் பளபளக்க வேண்டும் என்பது வேறு ஆசை. அதை வேண்டுமானால் ‘பஃபிங்’ என்று தனியாகச் சொல்லுங்கள்.

எந்த உலோகம்

‘இரும்பு’ என்று மட்டும் எழுதினால் எம்.எஸ். (சாதா இரும்பு) வரும், இ.என். 8 (கார்பன் கூடிய எஃகு) வரும், கையில் கிடக்கிற எதுவும் வரும். தரத்தின் பெயரை எழுதுங்கள். நம் ஹவுசிங்குக்கு அலுமினியம் 6061 அல்லது 6082 போதும். 6082-ஐக் கோவைப் பக்கக் கடைகளில் ஹெச்.இ. 30 என்றும் சொல்வார்கள். ‘ஏதாவது ஒன்று, கையில் இருப்பது’ என்று இரண்டையும் குறிப்பிட்டால் சரக்கு தேடுகிற செலவு மிச்சம்.

இலை படுகிற தட்டு, உருட்டுகிற பலகை, இவை எஸ்.எஸ். 304-ஆக இருக்கட்டும். தேயிலைச் சாறு இரும்பில் பட்டால் கறுக்கும், துருவும் கலக்கும். ஆனால் இலை படாத ஹவுசிங்கையும் ‘எல்லாம் எஸ்.எஸ்-லயே இருக்கட்டும்’ என்று சேர்த்துக்கொண்டால் இரண்டு பக்கமும் அடி விழும். 304-இல் சுமார் 18 சதம் குரோமியம், 8 சதம் நிக்கல். கிலோ விலை அதிகம். அதோடு வெட்ட வெட்டக் கெட்டிப்படும், சூட்டை நன்றாகக் கடத்தாது, டூல் சீக்கிரம் மழுங்கும். அலுமினியத்தை வெட்டுகிற வேகத்தில் அதை வெட்ட முடியாது.

அலுமினியத்துக்கு அனோடைசிங் (மின்சாரத்தால் ஏற்றும் ஆக்சைடு பூச்சு) செய்யச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹார்ட் அனோடைசிங் என்றால் 25 மைக்ரானுக்கு மேல் பூச்சு ஏறும்; அதில் ஏறக்குறைய பாதி வெளிப்பக்கமாக வளரும். போரின் இரண்டு பக்கமும் சேர்த்தால் விட்டம் 25 மைக்ரான் குறையும். ஹெச்7 கொடுத்த மொத்த இடமும் அங்கேயே காலி. போரை மூடிவிட்டுப் பூச்சு போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் 47 என்பது பூச்சுக்கு முன்னாலா பின்னாலா என்று எழுதுங்கள்.

என்ன அனுப்ப வேண்டும்

கேட்பதற்குப் பெரிய சாஃப்ட்வேர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குன்னூரிலோ ஊட்டியிலோ உள்ள லேத் பட்டறைக்குக் கையால் வரைந்த படமே போதும்; இரண்டு பக்கத் தோற்றமும் ஒரு வெட்டுத் தோற்றமும், எல்லா அளவும் மி.மீ-இல் இருந்தால் சரி. சி.என்.சி., வி.எம்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மிஷின்) என்று போனால் ஸ்டெப் ஃபைலும் (முப்பரிமாண வடிவ ஃபைல்) பி.டி.எஃப். டிராயிங்கும் இரண்டும் வேண்டும். வடிவம் ஸ்டெப்பில் இருக்கும், டாலரன்ஸும் மரையும் சரக்கும் பி.டி.எஃப்-இல் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்றும் ஒரு வரி எழுதுங்கள். ஃப்ரீகேட் என்கிற இலவச மென்பொருளிலேயே இரண்டையும் எடுக்கலாம்.

தேய்ந்துபோன பழைய பாகத்தைக் கொண்டுபோய் ‘இதே மாதிரி’ என்று கொடுக்கிறவர்கள் நம் பக்கம் அதிகம். தேய்ந்ததைப் பார்த்துச் செய்தால் தேய்ந்த அளவில்தான் வரும். எந்த இடம் தேய்ந்திருக்கிறது, அதில் என்ன உட்காருகிறது என்று சொல்லி, கூடச் சேருகிற தண்டையோ பேரிங்கையோ கையோடு கொண்டுபோங்கள்.

மெயிலோ வாட்ஸ்அப்போ, விசாரிப்பு இப்படி இருந்தால் போதும்:

‘வணக்கம். தேயிலை உருட்டும் சின்ன மிஷினுக்கு ஒரு பேரிங் ஹவுசிங் வேண்டும். ஸ்டெப்பும் பி.டி.எஃப்-உம் இணைத்திருக்கிறேன்; மாறுபட்டால் பி.டி.எஃப். செல்லும். சரக்கு அலுமினியம் 6061 அல்லது 6082, நீங்களே போட வேண்டும். எண்ணிக்கை 1, 3, 10 என்று மூன்றுக்கும் தனித்தனி விலை. 47 போர் மட்டும் ஹெச்7, அதில் 6204 பேரிங் கையால் தள்ளி ஏறும். மற்ற அளவுகள் ஐ.எஸ்.ஓ. 2768 மீடியம். பூச்சு வேண்டாம், பிசிறு எடுத்துத் தர வேண்டும். போர் அளவை அளந்து எழுதித் தர வேண்டும். மாற்றி வரைந்தால் விலை குறையும் என்றால் சொல்லுங்கள். கோத்தகிரிக்கு பார்சல் செலவும் ஜிஎஸ்டியும் தனியாகக் காட்டவும். அவசரம் இல்லை, மூன்று வாரம் வரை பரவாயில்லை.’

கடைசி வரியை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். அவசரம் இல்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கிற வேலைகளுக்கு நடுவே மிஷின் காலியாகும்போது நம் பீஸை ஏற்றிக்கொள்வார்கள். அந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு.

ஃபைலை ஏற்றினால் உடனே விலை சொல்லும் இணையதளங்களும் இருக்கின்றன. அவை வடிவத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க நல்லது. ஃபிளாஞ்ச் விட்டத்தை மாற்றினால் விலை எப்படி அசைகிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ‘இதை நேர் போராக விட்டுருங்க’ என்று அது பெரும்பாலும் சொல்லாது.

எங்கே கேட்பது

மலைமேல் இருக்கிற பட்டறைகளைக் குறைத்து எடைபோட வேண்டாம். தேயிலை பேக்டரிகளின் ரோலர், ஷாஃப்ட், புஷ் வேலைகளைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். டர்னிங் (லேத் கடைசல்), கீவே (தண்டில் சாவி உட்காருகிற பள்ளம்), வெல்டிங் வரை இங்கேயே முடியும். கூடவே நின்று பேசியும் செய்யலாம். அருவங்காட்டு கார்டைட் பேக்டரி, கேத்தி ஊசி பேக்டரி போன்ற இடங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் யாரையாவது தெரிந்திருந்தால், டிராயிங்கை அனுப்பும் முன் அவரிடம் காட்டுங்கள். ஒரு டீ செலவில் இரண்டு தப்பாவது அகப்படும்.

வி.எம்.சி., ஒயர்கட், கிரைண்டிங் என்று தேவைப்பட்டால் கீழே இறங்கத்தான் வேண்டும்: கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ. பம்பும் மோட்டாரும் மில் மிஷினரியும் செய்கிற ஊர் என்பதால் தெருவுக்குத் தெரு ஜாப் ஒர்க் பட்டறை. அந்தத் தொழில் அங்கே வளர்ந்ததற்கு 1930-களில் பைக்காராவிலிருந்து இறங்கிய நீர்மின்சாரமும் ஒரு காரணம் என்பதால், நீலகிரிக்காரர்கள் கொஞ்சம் உரிமையோடே போகலாம். விலை குறையாது, அது வேறு.

வந்த கொட்டேஷன்களைப் படிப்பது

மொத்தத் தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். சரக்கு சேர்ந்ததா? ஃபிக்ஸ்சர் (பீஸைப் பிடிக்கத் தனியாகச் செய்யும் சாதனம்) என்று தனியாகப் போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் அது ஒருமுறைச் செலவு. அடுத்த ஆர்டரில் வரக்கூடாது. ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா? டெலிவரி இரண்டு வாரம் என்றால் எந்த நாளிலிருந்து, அட்வான்ஸ் போட்ட நாளிலிருந்தா, டிராயிங் ஓகே சொன்ன நாளிலிருந்தா? போர் அளவு தப்பினால் மறுபடி செய்து தருவார்களா, சரக்கு யார் கணக்கில்? நீங்களே சரக்கு கொடுத்திருந்தால் இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பல பட்டறைகள் கூலியை மட்டும் விட்டுக்கொடுக்கும், போன சரக்குக்குப் பொறுப்பேற்காது. விலை எத்தனை நாள் செல்லும் என்பதையும் பாருங்கள், எஸ்.எஸ். விலை நிக்கலோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

ரொம்பக் குறைவாக வந்த கொட்டேஷனைக் கண்டால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். ‘47 போர் ஹெச்7 பார்த்தீங்களா, எதை வச்சு அளப்பீங்க?’ என்று கேளுங்கள். ‘போர் கேஜ் இருக்குங்க’ என்றால் நல்லது. ‘பேரிங்கையே போட்டுப் பாத்துக்கலாம்’ என்றாலும் ஒற்றைப் பீஸுக்குப் பரவாயில்லை, பேரிங்கைக் கொடுத்துவிடுங்கள். ‘வெர்னியர்ல பாத்துக்கலாம்’ என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

மலைக்கு மட்டும் உரிய சில

கோயம்புத்தூர்ப் பட்டறையில் 35 டிகிரியில் அளந்த பீஸ், கோத்தகிரியில் 18 டிகிரியில் கைக்கு வரும். ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 23 மைக்ரான் மாறும், பேரிங் எஃகு சுமார் 12. பதினேழு டிகிரி வித்தியாசத்தில் 47 போர், பேரிங்கைவிடச் சுமார் 9 மைக்ரான் கூடுதலாகச் சுருங்கும். கீழே கையால் தள்ளி ஏறிய பேரிங் மேலே கொஞ்சம் முரண்டு பிடிப்பது இதனால்தான். சுத்தியலைத் தேடாமல் ஹவுசிங்கை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, நன்றாகத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் ‘47 போரை மேல் எல்லைப் பக்கம் வைத்துக் கொடுங்கள்’ என்று விசாரிப்பிலேயே எழுதிவிடலாம். செலவு எதுவும் கூடாது.

எம்.எஸ்., இ.என். 8 பாகங்கள் நம் மூடுபனியில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு தடுக்கும் எண்ணெய் தடவி, பாலிதீனில் சுற்றித் தரச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் செய்தித்தாளில் சுற்றித்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பார்சல் மேட்டுப்பாளையத்தில் நிற்கும். தேதி முக்கியமான வேலையை அந்த மாதங்களில் வைக்காதீர்கள்.

பீஸ் வந்ததும் மாட்டுவதற்கு முன் அளந்து, டிராயிங்கின் ஒரு பிரதியில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் கிடைத்த அளவை எழுதிவையுங்கள். முதல் மாடல் எப்படியும் ஏதாவது ஒரு மாற்றம் கேட்கும். ஃபிளாஞ்ச் ஓட்டை 6.6-ஐ 7 ஆக்க வேண்டியிருக்கும், உடம்பு நீளம் 2 மி.மீ. கூட வேண்டியிருக்கும். மாற்றிய டிராயிங்குக்குப் புது எண் போட்டு, என்ன மாறியது என்று ஒரு மூலையில் எழுதி, பழைய ஃபைலின் பெயரையும் மாற்றுங்கள். பட்டறைக் கம்ப்யூட்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருந்தால் பழையதுதான் ஓடும். இரண்டாவது தடவை விலை கேட்கும்போது அதே பட்டறையில், ‘புரோகிராம் ஏற்கெனவே இருக்குங்களே, இந்த ரெண்டு இடம்தான் மாறுது’ என்று சொல்லிக் கேளுங்கள். செட்டிங்கில் பாதியாவது குறைத்துக்கொள்வார்கள்.